கதவுக்குப் பின்னால் ஒரு நம்பர்

அத்தியாயம் 17

அறுபது வீடு. அறுபது 'தெரியாது'.

இரண்டு நாளாக வெள்ளவத்தை ஒழுங்கைகளில் ஏறி இறங்கி பாலசுந்தரம் கொண்டுவந்த கருத்துக்கணிப்பின் விளைச்சல் அவ்வளவுதான். எந்தக் கட்சிக்கு வாக்களிப்பீர்கள் என்று கேட்டால் அறுபது வீடும் ஆளுங்கட்சி என்றது. சட்டத்தரணி நாகேஸ்வரியைத் தெரியுமா என்று கேட்டால் அறுபது வீடும் உதட்டைப் பிதுக்கியது. சிலர் கேட்காமலே அடையாள அட்டைகளைக் கொண்டுவந்து கதிரையில் வரிசையாகப் பரப்பினார்கள். "பொலிஸ் பதிவு போன மாதமே செய்திட்டம், ஐயா," என்றார் ஒரு பென்ஷன்காரர். கையில் படிவத்தோடு படியேறி வருகிறவன் யாராக இருப்பான் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை.

நாகேஸ்வரி பாலசுந்தரத்தின் கூடப்பிறந்த தங்கை. கலியாணம் கட்டாதவள். அண்ணன் வீட்டு முன் அறையில் கறுப்புக் கோட்டைக் கொழுவி வைத்துக்கொண்டு, சுற்றிவளைப்பில் சந்தேகத்தின் பேரில் பிடிபட்ட தமிழ்ப் பிள்ளைகளைத் தேடிப் பொலிஸ் பொலிஸாக ஏறி இறங்குவாள். பதினொரு வருடமாக இதுதான் தொழில். தொழில் என்றுதான் பேர், காசைக் கண்ணால் கண்டதில்லை. ஃபீஸ் எவ்வளவு என்று தாய்மார் கேட்டால், "முதல்ல பிள்ளை வீட்ட வரட்டும், பிறகு பாப்பம்," என்பாள். பிள்ளை வரும். அந்தப் 'பிறகு' மட்டும் வராது.

இப்போது அவளுடைய கட்சியின் கொழும்பு மாவட்ட வேட்பாளர் பட்டியலில் ஒரேயோர் இடம் மிச்சம். அதற்கு இரண்டு பேர். ஒருத்தி நாகேஸ்வரி, மற்றவர் இரும்புக்கடை நாகேந்திரம் முதலாளி. கட்சி அமைப்பாளர் இராசரத்தினம் மூடி மறைக்காமல் சொல்லிவிட்டார்.

"தங்கச்சி, தேர்தல் எண்டால் போஸ்டர், வான், மேடை, எல்லாம் காசு. கட்சி நிதிக்குப் பதினைஞ்சு லட்சம் கொண்டு வாங்கோ. இல்லாட்டிச் சனத்துக்கு உங்களைத் தெரியும் எண்டு கணக்கெடுத்துக் காட்டுங்கோ. ரெண்டும் இல்லையெண்டால் நான் நாகேந்திரத்தைப் போடத்தான் வேணும்."

இன்று மாலை ஆறு மணிக்கு வெள்ளவத்தை மண்டபத்தில் கட்சிக்கு நிதி சேர்க்கும் விருந்து. முடிவும் அங்கேதான். நாளைக் காலை பத்து மணிக்குப் பட்டியல் கச்சேரிக்கு, தேர்தல் அதிகாரியின் மேசைக்குப் போய்விடும்.

*

விடிய ஐந்து மணி. ஒரு வழக்கு விஷயமாக நாகேஸ்வரி முதல் ரயிலில் களுத்துறைக்குப் போன கையோடு டெலிபோன் அடித்தது.

"பாலசுந்தரம் ரெசிடென்ஸ்," என்றார் பாலசுந்தரம்.

எந்த நேரம் அடித்தாலும் அப்படித்தான் எடுப்பார். வாடகை கட்டுவது அவர், டெலிபோன் பில் கட்டுவது அவர், அப்படியென்றால் பேரும் தன்னுடையதாகத்தான் இருக்க வேண்டும் என்பது அவர் வாதம்.

"லோயரம்மா வீடுங்களா?"

"அவ இல்லை." வைத்தார். ஒரு நிமிடத்தில் திரும்பவும் அடித்தது. வேறு குரல், அதே கேள்வி.

"இந்த வீட்டில ஒரு மனுசன் நிம்மதியா இருந்து கூட்டிப் பார்க்க ஏலாது!" என்று ரிசீவரை எடுத்து மேசையில் கிடத்திவிட்டு, அறுபது படிவங்களையும் இன்னொரு தரம் கூட்டினார். எத்தனை தரம் கூட்டினாலும் பூச்சியம் பூச்சியம்தான்.

மனைவி கௌரி தேத்தண்ணியோடு வந்து நின்றாள்.

"என்னப்பா, சும்மா ஒரு இருபது பேருக்குத் தெரியும் எண்டு எழுதி விட்டால் என்ன? ஆர் வந்து பார்க்கப் போயினம்?"

"கௌரி! இருபத்திரண்டு வருசம். சவர்க்காரத்துக்குக்கூட நான் பொய்க் கணக்கு எழுதினதில்லை."

அது உண்மை. சந்தை ஆய்வுக் கம்பனி ஒன்றில் மேற்பார்வையாளர் அவர். எந்தச் சவர்க்காரம், எந்தத் தேயிலை, எந்தப் பற்பசை என்று கொழும்பின் பாதிக் கதவுகளைத் தட்டியவர். அவருக்கு இரண்டு சட்டம். ஆள் வாயால் சொன்னதை மட்டும் எழுது. நீ யாருடைய ஆள் என்று காட்டிக்கொள்ளாதே. பதில் சொல்கிறவருக்கு அது தெரிந்தால் பதில் கெட்டுவிடும். தங்கைக்காகக் கதவு தட்டும்போதும் தான் அவளுடைய அண்ணன் என்று ஒரு வீட்டிலும் அவர் மூச்சு விடவில்லை.

உள்ளுக்குள் ஒரு சின்னத் திருப்தியும் இருந்தது, சும்மா சொல்லக் கூடாது. 'ஒருத்தருக்கும் உன்னைத் தெரியாதெடி, நான் அப்பவே சொன்னனான்' என்ற திருப்தி. அதற்காக வெட்கமும் பட்டார்.

"கொட்டாஞ்சேனையையும் ஒருக்காப் பாப்பம்," என்றாள் கௌரி. "நானும் வாறன். பொம்பிளை ஒண்டு பக்கத்தில நிண்டால் பயப்பிடாமல் திறப்பினம்."

ஏழு மணிக்கு இருவரும் வீட்டைப் பூட்டிக்கொண்டு பஸ் ஏறினார்கள். ரிசீவர் மேசையில் கிடந்தது இருவருக்கும் ஞாபகம் இல்லை.

*

கொட்டாஞ்சேனையில் முதலில் திறந்த கதவு மாக்ரெட் என்ற பெண்ணுடையது. வெளியே போய் அப்போதுதான் திரும்பியிருந்தாள். காலில் செருப்பு, கைக்குள் சில்லறை. முதுகுக்குப் பின்னால் மகள் எட்டிப் பார்த்தாள்.

"போன் எடுக்கக் கொமியுனிகேஷன் கடைக்குப் போய்ட்டு வாறேங்க. மூணு தரம் அடிச்சும் லைன் கிடைக்கல," என்றாள், கேட்காமலே. கண் சிவந்திருந்தது. தடிமனாக்கும் என்று பாலசுந்தரம் நினைத்துக்கொண்டார்.

கட்சிக் கேள்வி கேட்டார். "ஆளுங்கட்சிதாங்க." அடுத்ததைக் கேட்டார். "சட்டத்தரணி நாகேஸ்வரி எண்டு ஒருவரைத் தெரியுமோ?"

மாக்ரெட் படிவத்தைப் பார்த்தாள். அவருடைய மினுங்கும் சப்பாத்தைப் பார்த்தாள்.

"தெரியாதுங்க."

அறுபத்தொன்று. வாசலுக்கு உள்ளே நின்றபடி எழுதக் குனிந்தார். கடல்பக்கமிருந்து வந்த காற்றில் கதவு பாதி சாத்திக்கொண்டது. கதவின் பின்பக்கத்தில், வீட்டிலுள்ளவர்களின் பேர் எழுதிய பொலிஸ் பதிவுத்தாள் ஒட்டியிருந்தது. தாய், மகள், மகன், மூன்று பேர். அதற்குக் கீழே பலகையிலேயே பென்சிலால் ஆறு இலக்கம். ஐம்பத்தெட்டில் தொடங்கியது.

பாலசுந்தரம் அதை ஒருமுறை வாசித்தார். பிறகு ஒவ்வொன்றாக வாசித்தார். மாதாமாதம் பில் கட்டுகிற மனிதருக்குத் தன் வீட்டு நம்பர் தெரியாமல் போகுமா?

படியிறங்கினார். அடுத்த வீட்டில் "தெரியாது" என்றதும் பேனையைத் தவறவிட்டு, எடுக்கிற சாட்டில் கதவுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். இருந்தது. மூன்றாம் வீட்டில் தண்ணீர் கேட்டு உள்ளே போனார். அந்தோனியார் படத்துக்குக் கீழே, சிவப்பு மையில். நான்காம் வீட்டில் பிள்ளையார் கலண்டரின் ஓரத்தில். இன்னொரு வீட்டில் சுவருக்கு வெள்ளை அடித்தவர்கள் அந்த ஆறு இலக்கத்தை மட்டும் அடிக்காமல் சுற்றி விட்டிருந்தார்கள்.

அடேயப்பா! ஒரு ஒழுங்கை முழுக்க அவருடைய நம்பர். வாசலில் நின்று தெரியாது, தெரியாது என்று சத்தியம் பண்ணுகிற அத்தனை வீட்டிலும், கதவைச் சாத்தினால் கையெட்டுகிற இடத்தில் அவருடைய தங்கை. பாலசுந்தரம் மதிலில் கையை ஊன்றிக்கொண்டு நின்றுவிட்டார்.

"என்னப்பா, தலை சுத்துதோ?" என்று கௌரி பதறினாள்.

சொன்னார். கௌரி சிரிக்கவில்லை.

"உங்களுக்கு இது இண்டைக்குத்தான் விளங்குதோ? நாகேஸ்வரி மச்சாளைத் தெரியும் எண்டால், எங்கட வீட்டிலயும் ஒரு ஆளைப் பிடிச்சவங்கள் எண்டெல்லோ அர்த்தம்? முன்பின் தெரியாத ஒருத்தர் பேப்பரும் கையுமா வந்து கேட்டால் ஆர் சொல்லுவினம்? ஏன், நீங்கள் சொல்லுறனீங்களோ? உங்கட கம்பனிக் கந்தோரில ஆரும் தங்கச்சி என்ன செய்யிறா எண்டு கேட்டால், காணி உறுதி எழுதுறா எண்டெல்லோ சொல்லி வைச்சிருக்கிறியள்!"

பாலசுந்தரத்தின் முகம் கறுத்தது. அப்படித்தான் சொல்லி வைத்திருந்தார், பதினொரு வருடமாக.

"ஆனால் கௌரி, கதவுக்குப் பின்னால கண்டதை நான் படிவத்தில எழுத ஏலாது. வாயால சொன்னதைத்தான் எழுதலாம்."

"அப்ப வாயால கேக்காதேங்கோ."

அவர் அவளையே பார்த்தார். இருபத்திரண்டு வருட அனுபவத்துக்குத் தோன்றாத யோசனை அது.

*

சந்தியில் மஷூரின் பலசரக்குக் கடை. வெறும் பிஸ்கட் டின் ஒன்று வேண்டும் என்றதும் மஷூர் ஆளை மேலும் கீழும் பார்த்தார்.

"டின் என்னத்துக்கு சேர்?"

"சனத்திட்ட ஒரு கேள்வி. பதிலை எழுதி இதுக்குள்ள போடுறது. ஆர் போட்டது எண்டு ஒருத்தருக்கும் தெரியாது."

"அப்படியா? சல்லி வாணாம், எடுத்துட்டு போங்க," என்று பெரிய சதுர டின்னை இறக்கி, மூடியில் தானே கத்தியால் கீறித் துவாரமும் போட்டுத் தந்தார். பக்கத்துக் கொமியுனிகேஷனில் துண்டுகள் போட்டோகொப்பி ஆகின. இரண்டே வரி. லோயர் நாகேஸ்வரியைத் தெரியும், தெரியாது. வாக்களிப்பேன், மாட்டேன். வேண்டிய இடத்தில் ஒரு பெருக்கல் குறி, ஒரு புள்ளடி, போட வேண்டும். கொப்பி போட்ட பெண் வேலை முடிந்ததும் தயங்கி, "எனக்கும் ஒண்ணு தாங்களேன்," என்றாள். அதுதான் முதல் துண்டு.

பிறகு நடந்தது ஓர் அதிசயம். துண்டை வாங்கியவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போனார்கள். வாசலில் காத்து நிற்க வேண்டும். திரும்பி வரும்போது துண்டு நாலாக, எட்டாக மடிந்திருந்தது. ஒரு கிழவர் அதைப் போடுமுன் டின்னைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். கோயில் உண்டியலுக்குச் செய்கிற மாதிரி இருக்கிறதே என்று பாலசுந்தரம் நினைத்தார். அதற்குமேல் யோசிக்கவில்லை.

மாக்ரெட் வீட்டுக்குத் திரும்பிப் போனபோது பின்னேரம் மூன்று மணி. அவள் துண்டோடு உள்ளே போய்ப் பத்து நிமிடம் வரவில்லை.

"அம்மா, புள்ளடி மட்டும் போதும்!" என்று வெளியிலிருந்து கூப்பிட்டார்.

வந்தாள். துண்டைப் போட்டாள். மூடியில் வைத்த கையை எடுக்காமல் கேட்டாள்: "இந்த டின்னு அந்த அம்மா கைக்குப் போகுங்களா?"

நான் அவ அண்ணன் என்று சொல்ல வாய் வரை வந்தது. சட்டம் தடுத்தது. "அதை நாங்கள் சொல்ல ஏலாது, அம்மா," என்றார்.

மாக்ரெட் தலையை ஆட்டிக்கொண்டு கதவைச் சாத்தினாள். கௌரி திரும்பித் திரும்பி அந்தக் கதவையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

*

மண்டபத்தில் மேசைக்கு மேசை வெள்ளைத் துணி, கட்லட், ரோல்ஸ், குளிர்பானம். தலைமேசையில் இராசரத்தினம், பக்கத்தில் நாகேந்திரம் முதலாளி. முதலாளியின் சட்டைப்பையில் செக் புத்தகம் எட்டிப் பார்த்தது. களுத்துறையிலிருந்து நேரே வந்த நாகேஸ்வரி கோட்டைக் கையில் போட்டுக்கொண்டு ஓரமாக நின்றாள்.

"என்ன பாலசுந்தரம், கணக்கெடுத்து வாங்கோ எண்டால் பிஸ்கட் கொண்டு வாறியள்?" என்றார் இராசரத்தினம். நாலு பேர் சிரித்தார்கள்.

பாலசுந்தரம் எல்லாருக்கும் தெரியும்படி மூடியைத் திறந்து டின்னைக் கவிழ்த்தார்.

முதல் துண்டு. தெரியும், வாக்களிப்பேன். இரண்டாவது, தெரியும், வாக்களிப்பேன். மூன்றாவதைப் பிரித்தபோது உள்ளேயிருந்து இருபது ரூபாய்த் தாள் ஒன்று மேசையில் விழுந்தது.

"இதென்ன?" என்றார் இராசரத்தினம்.

நாலாவதில் பத்து ரூபாய். அடுத்ததில் நூறு, பன்னிரண்டாக மடித்தது. கௌரிதான் முதலில் கண்டுபிடித்தாள். "ஐயோ கடவுளே, துவாரம் வைச்ச டின் எண்டதும் சனம் உண்டியல் எண்டு நினைச்சிட்டுது!"

இராசரத்தினத்துக்கு முகம் மலர்ந்தது. "அப்ப கட்சிக்கு நிதி!"

"கட்சிக்கு இல்லை," என்றார் பாலசுந்தரம். கையிலிருந்த துண்டை அவரிடம் நீட்டினார். புள்ளடிக்குக் கீழே கோணல் எழுத்தில் ஒரு வரி: 'ரெண்டு வருசத்துக்கு முந்தி மகனை எடுத்துத் தந்ததுக்கு. அண்டைக்கு ஃபீஸ் வாங்கேல்ல.' இன்னொன்றில், 'தம்பி இப்ப கனடாவில. ஃபீஸ்.' இன்னொன்றில் ஒரே சொல், ஃபீஸ்.

பிறகு பாப்பம், பிறகு பாப்பம் என்று அவள் தள்ளிவிட்ட பதினொரு வருடமும் அந்த வெள்ளைத் துணியில் கிடந்தது. தன் வீட்டு முன் அறையில் கோட்டைக் கொழுவிவிட்டுப் படுக்கிற இந்த மெலிந்த பெண்ணைப் பாலசுந்தரம் வாழ்நாளில் முதல் தடவையாகப் பார்க்கிறவர் போலப் பார்த்தார். நாகேஸ்வரியோ ஒரு துண்டை எடுத்து, "இது சாந்திபுரப் பிள்ளையின்ட தாய்... எழுத்தே தெரியாது எண்டவ, எழுதியிருக்கிறா," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

எண்பத்துமூன்று துண்டு. எழுபத்தெட்டு 'தெரியும்'.

நாகேந்திரம் முதலாளி எழுந்தார். எல்லாரும் அவருடைய சட்டைப்பையைப் பார்த்தார்கள்.

"எழுபத்தொம்பது எண்டு போடுங்கோ," என்றார் அவர். "போன வருசம் என்ட ஸ்டோர்ப் பெடியனைப் பிடிச்சவங்கள். என்ட கடைக் கல்லாப் பெட்டிக்குள்ளயும் அந்த நம்பர் கிடக்கு. சபையில சொல்ல இவ்வளவு நாளும் எனக்குத் துணிவு வரேல்ல."

இராசரத்தினம் நியமனப் பத்திரத்தை எடுத்து நாகேஸ்வரி பக்கம் தள்ளினார். "உங்கட இடம்தான், தங்கச்சி. ஜே.பி., சமாதான நீதவான், எட்டு மணிக்கு வருவார். அவருக்கு முன்னால கையெழுத்துப் போட வேணும். இருந்து சாப்பிடுங்கோ."

கைதட்டல் எழுந்தது. கௌரி மச்சாளைக் கட்டிப்பிடித்து அழுதாள். பாலசுந்தரம் மாத்திரம் டின்னின் மூலையில் ஒட்டியிருந்த கடைசித் துண்டைப் பிரித்துக்கொண்டிருந்தார். அதில் புள்ளடி இல்லை. பின்பக்கம் முழுக்க நெருக்கி எழுதியிருந்தது.

'லோயரம்மா, மகன் அன்ரனியை விடிய அஞ்சரைக்கு புடிச்சிட்டு போயிட்டாங்க. எந்த பொலீஸ்னு சொல்லல. காலையிலேருந்து அடிக்கிறேன், உங்க போன் எங்கேஜ். மாக்ரெட்.'

கதவுக்குப் பின்னால் ஒட்டிய தாளில் மூன்று பேர். அவர் கண்டது தாயையும் மகளையும்தான். கணக்கெடுக்கிற மனிதர், அதை எண்ணவில்லை.

துண்டைத் தங்கையிடம் நீட்டினார். நாகேஸ்வரி வாசித்தாள். மணிக்கூட்டைப் பார்த்தாள். ஏழுக்குப் பத்து நிமிடம்.

"பதின்மூண்டு மணித்தியாலம் போட்டுது. இனியும் சுணங்கினால் வேற இடத்துக்கு மாத்திப்போடுவாங்கள்." கோட்டைப் போடத் தொடங்கினாள்.

"எங்க போறியள்?" இராசரத்தினம் பதறினார். "எட்டு மணிக்கு ஜே.பி.! அவர் அதுக்குப் பிறகு நிக்கமாட்டார். நாளைக்குக் காலமை பத்து மணியோட எல்லாம் முடிஞ்சுது!"

"வரப் பாக்கிறன், ஐயா." படியில் கால் வைத்தவள் நின்று திரும்பினாள். "அண்ணை, ஏன் எங்கட போன் எங்கேஜ்?"

பொய் சொல்ல ஒரு வினாடி இருந்தது. லைன் பழுது என்றால் யாரும் கேட்கப் போவதில்லை.

"நான்தான் பிள்ளை. விடிய ரிசீவரை எடுத்து மேசையில வைச்சனான். கரைச்சலா இருக்கெண்டு."

அவள் ஏசவில்லை. ஏசியிருக்கலாம். "முதல்ல போய் அதை வையுங்கோ, அண்ணை. இன்னும் ஆர் ஆர் அடிக்கினமோ," என்று மட்டும் சொன்னாள். கௌரியும் அவளோடு ஓட்டோவில் ஏறினாள்.

மண்டபத்திலிருந்து வீடு மூன்று ஒழுங்கை தள்ளி. ஐம்பத்துநாலு வயதில் பாலசுந்தரம் ஓடினார். மேசைத்துணியில் கிடந்த நியமனப் பத்திரமும், மூடி திறந்து கிடந்த பேனையும் கண்ணுக்குள் நின்றன. கதவைத் திறந்து, விளக்கைக்கூடப் போடாமல், தடவிப்போய் ரிசீவரை அதன் இடத்தில் வைத்தார்.

கையை எடுக்கவில்லை. அடித்தது.

எடுத்தார். பழக்கத்தில் 'பால...' என்று வாய் தொடங்கியது. நிறுத்தினார்.

"லோயரம்மா வீடுங்களா?" என்று மறுமுனையில் ஒரு பெண் குரல், அழுகையை அடக்கிக்கொண்டு.

பாலசுந்தரம் மேசை விளக்கைப் போட்டு, சட்டைப்பையிலிருந்து பேனையை எடுத்தார். மேசையிலிருந்த அறுபது படிவங்களில் மேலே கிடந்ததைப் பின்பக்கம் திருப்பி வைத்துக்கொண்டார்.

"ஓம், அம்மா," என்றார். "லோயரம்மா வீடுதான். நான் அவவின்ட அண்ணன் கதைக்கிறன். பிள்ளையின்ட பேரைச் சொல்லுங்கோ."